தண்ணீர் குடிக்கிற சோளத்தோகை

வத்துகெரிங்,
டிசம்பர் நான்காம் தேதி.

அன்பு மகள் வூர்யானிக்கு அப்பா சகிமின் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் ஆடும் மூவருமாகச் சுகமாக இருக்கிறோம், மூவரில் குறைவாகக் கத்துகிறவன் நான்தான். அங்கே தைவானில் நீயும், நீ பார்த்துக்கொள்கிற அந்தப் பெரியம்மாவும் குளிருக்கு இதமாக, வேளைக்குச் சாப்பிட்டு, கைகால் வலியில்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சரி, நான்கு வேளை. விடியற்காலைத் தொழுகையில் தூங்கி வழிவேன் என்று உனக்குத்தான் தெரியுமே.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒரே கேள்விதான் கேட்டாய், விதை பிழைத்ததா இல்லையா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கி, "இன்னும் தெரியலடி, நீ வேற வாய வெச்சுத் தொலைக்காத" என்று சொல்லி அணைத்துவிட்டாள். அதனால்தான் காகிதம். காகிதத்தில் அவள் குறுக்கே பேச முடியாது, பேசுவதற்குக் கண்ணாடியைத் தேட வேண்டும், கண்ணாடி என் சட்டைப்பையில் இருக்கிறது. நம் ஊர்ப் புஜி வியாழக்கிழமை அங்கே வர விமானம் ஏறுகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, கோழி கிளறியது போலத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. உன் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டது. ஆனால் முதலிலிருந்துதான் சொல்வேன். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டினால் உனக்கு ஏப்பம் வராமல் போகட்டும்.

இரண்டு வருடமாக முதல் மழை நம்மை ஏமாற்றியது உனக்குத் தெரியும். மழை வருவதற்கு முன்பே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது நம் கல்மேட்டு வழக்கம், வந்த முதல் மழையை ஒரு சொட்டு விடாமல் விதை குடிக்க வேண்டும் என்று. ஆனால் ஒரு மழை பெய்து, முளை எழும்பி, அப்புறம் பதினைந்து இருபது நாள் வானம் வாயை மூடிக்கொண்டால்? நம் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல்லும் பொந்தும்தானே, தண்ணீர் நிற்காது, சல்லடையில் ஊற்றியது போலப் போய்விடும். இரண்டு வருடமும் முளை கருகியது. பெண்கள் சங்கத்தின் சிவப்பு நெல் விதை, இருபத்துமூன்று வீட்டுக்கும் சேர்த்து, உன் அம்மா பொறுப்பில் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கினது எட்டுக் கட்டு, இந்த வருடம் மிஞ்சியது இரண்டே கட்டு. இதுவும் கருகினால் அடுத்த வருடம் போட நம்மிடம் ஒரு மணி இல்லை, வேறெங்கே கேட்டாலும் இந்தக் கல்லில் நிற்கிற நெல் கிடைக்காது. அவள் தலைவி. இரவில் எழுந்து எழுந்து அந்தக் கட்டை அண்ணாந்து பார்ப்பாள், நான் அங்கே பல்லி இருக்கிறதோ என்று நினைத்தேன்.

இந்த நேரத்தில்தான் ஆகஸ்டு மாதம் யோக்யாகர்த்தா காலேஜிலிருந்து நாஸ்திதி என்கிற டீச்சர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். உன்னைவிட இரண்டு வயது பெரியவள் இருப்பாள், ஒல்லி, பேசினால் நிறுத்தமாட்டாள், உடனே எனக்குப் பிடித்துவிட்டது. மக்காச்சோளக் கதிரை உரித்துப் போடுகிற தோகை வேண்டுமாம். எத்தனை மூட்டை என்று கேட்டேன், இருக்கிறது எல்லாம் என்றாள். நாம் ஆட்டுக்குப் போட்டதுபோக எரிக்கிற குப்பை அது. அந்தத் தோகைக்குள்ளே ஒரு நார் இருக்கிறதாம், பருத்தியிலும் காகிதத்திலும் இருக்கிற அதே நார்தானாம், அதைப் பிரித்தெடுத்துப் பக்குவம் செய்தால் ஜவ்வரிசி மாதிரி மணியாக வருமாம், அந்த மணி ஒரு கரண்டி போட்டால் ஒரு குவளைத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொழகொழவென்று உட்கார்ந்துகொள்ளுமாம், மண்ணுக்குள் போட்டால் மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்து வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுமாம், ஒன்றிரண்டு வருடத்தில் தானே மக்கிப் போகுமாம். உன் அம்மா கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ்வளவு தண்ணி குடிக்குமா, அப்ப எம் புருசன் காப்பி குடிக்கிற மாதிரின்னு சொல்லு" என்றாள். பாவம் அந்தப் பெண் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளப் போனாள்.

அவள் என்னைத் தேடி வந்தது தோகைக்கு மட்டுமில்லை, என் ஐஸ்பெட்டிக்கு! நாரைக் கரைக்க வேண்டுமென்றால் நெருப்பு போதாதாம், குளிர்தான் வேண்டுமாம், ஐஸைவிடக் கடுங்குளிர். சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு பெட்டி யாரிடம் இருக்கிறது? உன் அப்பனிடம். நான் ஐஸ் வியாபாரத்துக்குப் புதுப்பெட்டி வாங்கினபிறகு சும்மா கிடந்த பழைய நீலப்பெட்டியைத் துடைத்துக் கொடுத்தேன், இனி அதில் திங்கிற பண்டம் எதுவும் வைக்கக்கூடாது என்று டீச்சர் அதன்மேல் மண்டையோடு படம் ஒட்டிவிட்டாள். செய்முறை சொல்கிறேன் கேள், நான் இப்போது ஊரில் பெரிய ஆள். தோகையைப் பொடியாக நறுக்க வேண்டும். காஸ்டிக் சோடாத் தண்ணீரில் மூன்று மணிநேரம் கொதிக்கவிட வேண்டும், சாறு கறுப்பாக இறங்கும், நாற்றம் சொல்லமுடியாது, பக்கத்துவீட்டுக் கம்சியா அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "சகிமின், உள்ள செத்தது ஆடா, உன் மாமியாரா?" என்று கேட்டாள். பிறகு அலச வேண்டும், அலசி வெளுக்க வேண்டும், மறுபடி அலச வேண்டும். லாரித் தண்ணீர் காலத்தில் இத்தனை அலசலா என்று உன் அம்மா ஊருணித் தண்ணீரைத் தூக்கவைத்தாள், தூக்கினவன் யாரென்று கேட்காதே. கடைசியில் தோகை போய் அரைத்த அரிசி மாவு மாதிரி வெள்ளைவெளேரென்று ஒரு கூழ் நிற்கும். அதை யூரியாவும் காஸ்டிக்கும் கலந்த தண்ணீரில் போட்டுப் பெட்டிக்குள் ஒரு ராத்திரி. காலையில் எடுத்து உருகவிட்டுக் கலக்கினால், மகளே, வெள்ளை போய்விடும்! கண்ணாடி மாதிரி, பிசின் மாதிரி, கையை விட்டால் நூலாக இழுக்கும். இருபத்திரண்டு வருடம் ஐஸ் உறைய வைத்திருக்கிறேன், உறைந்து உருகினபிறகு ஒன்று வேறொன்றாக மாறி எழுந்ததை நான் பார்த்ததில்லை. ஊரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு காரம் போகிறவரை கழுவி, கெட்டிக்கு ஒரு மாவும் எலுமிச்சை உப்பும் கலந்து தட்டில் பரப்பி, ரொட்டி அடுப்பின் இளஞ்சூட்டில் வைத்து, காய்ந்ததும் இடித்துச் சலிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கெட்டி மாவைப் பட்டணத்திலிருந்து வரவழைக்க வேண்டும் என்று டீச்சர் கவலைப்பட்டாள். பெயரைக் கேட்டேன். உள்ளே போய் என் ஐஸ்குச்சிக்குப் போடுகிற மாவு மூட்டையை உருட்டிக்கொண்டு வந்தேன். அதேதான்! அதுவும் செடியின் நாரிலிருந்து செய்வதாம். நான் இத்தனை வருடமாக ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அதைத்தான் நக்கக் கொடுத்திருக்கிறேன். டீச்சர் குதித்தாள், நானும் குதித்தேன், உன் அம்மா, "ஒரு கிறுக்கு போதாதுன்னு இன்னொண்ணு" என்று ஆட்டுக்குக் குழை போடப் போனாள். காஸ்டிக் தெறித்து என் இடதுகைக் கட்டைவிரலில் ஒரு வடு இருக்கிறது, பயப்படாதே, ஆறிவிட்டது. தண்ணீரில் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று அவள் நூறுமுறை சொன்னதை நான் நூற்றியோராவது முறைதான் கேட்டேன்.

இப்படி அக்டோபருக்குள் நான்கு மூட்டை மணி சேர்ந்தது. பெண்கள் சங்கத்தில் ஒரே சண்டை. இரண்டு கட்டு விதைதான் இருக்கிறது, அதையும் இந்தக் கொழகொழப்போடு போடுவதா என்று கம்சியா அக்கா எழுந்து நின்று, "கார்சினெம், உம் புருசன் ஐஸ் விக்கட்டும், நம்ம விதைய விக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். உன் அம்மா எழுந்தாள். வீட்டுக்குப் போய் ஒரு பூத்தொட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். ஆகஸ்டு கடைசியில் அவளே எங்களுக்குத் தெரியாமல் மணி கலந்து மிளகாய் நட்டு, கடைசி இருபது நாளாகத் தண்ணீர் ஊற்றாமல் வைத்திருந்திருக்கிறாள், செடி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. எங்களைக் கிறுக்கு என்றவள்! விதையில் முக்கால் பங்கு மணியோடு, கால் பங்கு மணியில்லாமல், ஒப்பிட்டுப் பார்க்க, என்று முடிவானது. எல்லாம் கெட்டால் பழி தன்மேல் என்று உன் அம்மா இருபத்துமூன்று வீட்டுக்கும் வாக்குக் கொடுத்தாள். 

இனிமேல்தான் நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய கூத்து. டீச்சர் தெளிவாகச் சொல்லியிருந்தாள், ஒரு குழிக்குச் சோடா மூடியில் பாதி மணி போதும், அதையும் ஒரு சாண் ஆழத்தில் மண்ணோடு கலந்து, மேலே மண் போட்டு, அதற்கு மேலேதான் விதை, நான் வெள்ளிக்கிழமை வந்து கூடநின்று காட்டுகிறேன், அதுவரை கை வைக்காதீர்கள் என்று. ஆனால் உன் அம்மா நாளும் கிழமையும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் அவள் பிறந்த நாளுக்கும் விதைப்புக்கும் பொருந்தி வந்தது புதன்கிழமை. வெள்ளி அவளுக்கு ஆகாது. சரி, டீச்சர் இல்லாமலே நம் காட்டில் இறங்கினோம். ஆண்கள் குத்துக்கோலால் குழி போட்டுக்கொண்டே போக, பெண்கள் பின்னால் விதை போட்டுக்கொண்டு வந்தார்கள். விதைக்கிற அன்று கை சுருங்கினால் களமும் சுருங்கும் என்பது நம்மவர்கள் பேச்சு இல்லையா? அதனால் பாதி மூடியாவது ஒன்றாவது, ஒவ்வொருத்தியும் அள்ளி அள்ளிப் போட்டாள், கல்யாண வீட்டில் பரிமாறுகிற மாதிரி. ஒரு சாண் ஆழமும் போகவில்லை, புழுதிக்குக் கீழே கல் தட்டுகிறதே, விதையும் மணியும் ஒரே குழியில். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், தாராளமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். இதைத் தைவானில் யாரிடமும் சொல்லாதே.

நவம்பர் பதினொன்றாம் தேதி சாயங்காலம் முதல் மழை. நல்ல மழை, கூரை அதிர்ந்தது, உன் அம்மா முற்றத்தில் நின்று நனைந்தாள். விடிந்ததும் விதைத்த காட்டுக்குப் போனோம். மகளே, என்னவென்று சொல்ல! குழிக்குக் குழி மணி ஊதிப்பெருத்து மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது, காடு முழுக்கப் பளபளவென்று கட்டி கட்டியாக நிற்கிறது, ஒவ்வொரு கட்டியின் தலையிலும் நாலு சிவப்பு நெல், நான் கிண்ண ஐஸுக்கு மேலே கடலை தூவுவேனே அதே மாதிரி. கோழிகளுக்கு விருந்து. கம்சியா அக்கா வரப்பில் நின்று, "அடியே கார்சினெம், நெல்லு வெதச்சியா, சர்பத்துக் கடை போட்டியா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். திரும்பிப் பார்த்தால் உன் அம்மா ஈர வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.  "எல்லார் வெதையும் போச்சு, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அடுத்த வூட்டுப் படி ஏறுவேன்" என்று அவள் சொன்னது எனக்கல்ல, அந்தக் கட்டிகளிடம். இருபத்தெட்டு வருடம் அவளைக் கேலி செய்திருக்கிறேன், அன்றைக்குப் போனைத்தான் தேடி எடுத்தேன்.

டீச்சருக்குப் போன் போட்டேன். ஒன்றரை மணிநேர வழியை ஒரு மணிநேரத்தில் வந்துவிட்டாள், ஹெல்மெட்டைக் கழற்றாமலே காட்டுக்குள் ஓடினாள், ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நாங்கள் தலையைக் குனிந்து நிற்க, அவள், "அம்மா, இது கெட்டுப்போகல, ரொம்ப நல்லா வேலை செஞ்சிருக்கு, உங்க கை தாராளம் அது வயித்துக்குத் தாங்கல, அவ்வளவுதான்!" என்றாள். வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் பாதியை அள்ளி வெளியே போட்டு, மீதியை அடியில் அமுக்கி, மண் போட்டு, விதையை மறுபடி உள்ளே வைத்து மூட வேண்டும், விதை ஊறியிருக்கிறது, வெயில் பட்டால் செத்துப்போகும் என்றாள். ஆறாயிரம் குழி இருக்கும். அப்போது காட்டில் நின்ற ஏழு பேர் இதை எப்படிச் செய்வது? அப்போதுதான் கம்சியா அக்கா கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள். "சிரிச்சது நான்தான், குனியறதும் நானே குனியறேன், மத்தவளுங்களக் கூப்பிடு சகிமின்" என்றாள். நான் ஐஸ் வண்டி மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாக ஓடினேன். ஐஸ் என்று நினைத்து வந்தவர்களைக்கூட விடவில்லை. வீட்டிலிருந்த ஐஸ்குச்சிக் கட்டு அத்தனையையும் கொண்டுவந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன், அதால் கட்டியை அமுக்குவதும் விதையை நெம்பி உள்ளே தள்ளுவதும் லேசாக இருந்தது. இருபத்துமூன்று வீட்டுப் பெண்களும் வரிசையாகக் குனிந்திருந்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். மதியம் லுகர் தொழுகைக்கு அழைப்பு வந்தபோது கடைசிக் குழி மூடினாள் உன் அம்மா. நான் அதுவரை கோழி விரட்டினேன். சின்ன வேலை என்று நினைக்காதே, கோழிகள் மொத்தம் முப்பத்தொன்று.

அப்புறம் வானம் வழக்கம்போல வாயை மூடியது. ஒரு நாள், ஐந்து நாள், பத்து நாள். முளை எழும்பியது. பன்னிரண்டாம் நாள் மணியில்லாத கால்பங்கு நுனியில் மஞ்சளானது, பதினைந்தாம் நாள் வைக்கோலானது. மேற்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் மறுபடி விதை தேடிப் புறப்பட்டுவிட்டார்கள். நீ போனில் கேட்டது அந்தச் சமயத்தில்தான். உன் அம்மா விடிந்ததும் காட்டுக்குப் போய் ஒவ்வொரு வரிசையிலும் சுண்டுவிரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பாள். என்ன இருக்கிறது என்று கேட்டால், "மண்ணு" என்பாள். எனக்குச் சோறு இறங்கவில்லை, நம்பு, நான் இளைத்திருக்கிறேன், புஜியிடம் கேள். இருபதாம் நாள் நானே அவள் பின்னால் போனேன். அவள் ஒரு நாற்றின் அடியில் விரலை விட்டாள், எடுத்தாள், விரல்நுனியை என் கன்னத்தில் வைத்தாள். சில்லென்றிருந்தது. ஈரம், மகளே, ஈரம்! இருபது நாள் பழைய மழையின் ஈரம். "இன்னும் இருக்கு, சகிமின், இன்னும் வெச்சிருக்கு" என்றாள். இருபத்தெட்டு வருடத்தில் அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். நேற்று முன்தினம் பெருமழை பிடித்துக்கொண்டது, இப்போது எழுதும்போதும் பெய்துகொண்டிருக்கிறது. டீச்சரும் உன் அம்மாவும் தனித்தனியாக எண்ணினார்கள், மணி போட்ட பக்கம் பத்துக் குழிக்கு எட்டில் நெல் நிற்கிறது, போடாத பக்கம் பத்துக்கு ஒன்று. விதை பிழைத்தது. இருபத்துமூன்று வீட்டு விதையும் பிழைத்தது. நேற்று கம்சியா அக்கா வீட்டுக்கு வந்து ஒரு தட்டு நிறைய மரவள்ளி மாவுத் திவுல் வைத்துவிட்டு, அடுத்த விதைப்புக்குத் தோகையை எப்போது கொதிக்கவைக்கலாம் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இப்போது உன் அம்மா சொல்லச் சொன்னதை எழுதுகிறேன், இதில் என் கேலி ஒன்றும் கலக்கவில்லை. இரண்டு வருடமும் நீ ஊர் திரும்புகிறேன் என்று சொல்லி, பெட்டிகூட வாங்கிவிட்டு, விதைப்பு கருகினதைக் கேட்டபிறகு இன்னும் ஒரு வருடம் என்று கையெழுத்துப் போட்டாய். அங்கே வேலை பிடித்திருக்கிறது என்று எங்களிடம் சொன்னாய். நாங்களும் நம்பினது போல இருந்தோம். இந்த மாதக் கடைசியில் அவர்கள் மறுபடி ஒப்பந்தக் காகிதத்தை நீட்டுவார்கள். உன் அம்மா சொல்கிறாள், "போடறதுன்னா போடு, போடலன்னா வா, ஆனா இந்த வாட்டி எங்க காட்ட நெனச்சுப் போடாத, காடு நிக்குது." நானும் அதையேதான் சொல்கிறேன். உனக்குப் பிடித்திருந்தால் இரு, எங்களுக்குச் சந்தோஷம். பிடிக்கவில்லை என்றால் வா, மார்ச் மாதம் அறுவடை, ஆள் போதாது.

புஜியிடம் வெட்டுக்கிளி வறுவல் ஒரு டப்பா கொடுத்திருக்கிறேன், மூடியில் கயிறு எட்டுச் சுற்று, ஏழுதான் இருந்தால் அவள் தின்றிருக்கிறாள் என்று அர்த்தம். பனிக்காலத்தில் கைக்கு எண்ணெய் தடவு, அந்தப் பெரியம்மாவைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது முதலில் என்னைக் கேள். அல்லா உன்னை எந்தக் குறையுமில்லாமல் காக்கட்டும், உன் கை தொட்டது எல்லாம் துளிர்க்கட்டும், நல்ல தூக்கமும் நல்ல சிரிப்பும் உனக்கு நிறையக் கிடைக்கட்டும்.

உன் அம்மா கண்ணாடியைக் கண்டுபிடித்துவிட்டாள், நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா சகிமின்,
ஐஸ் வியாபாரம் மதியத்துக்கு மேல்தான், காலையில் தோகை கொதிக்கவைக்கும் உத்தியோகம், முதலாளி உன் அம்மா.